காற்று அடங்கும்வரை

— இன்னும் அடங்கல. உக்காரு.

— உக்காந்துதான் இருக்கேன் மேஸ்திரி. நீதான் நின்னுக்கிட்டே பேசறே. ரேடியோவுல மூச்சு வாங்கறது கேக்குது.

— நின்னாத்தான் நீ சைக்கிள்ல தாவற ஜம்ப் மேடும் தெரியும், வந்து இறங்கற இடமும் தெரியும்.

— கைத்தடியை மண்ணுல குத்திட்டு ஒத்தக் கால்ல நிக்கறே, அதானே? ராத்திரி இடுப்பு பழி வாங்கும். மடக்கு நாற்காலி கொண்டாந்து வெச்சேனே, அதுல உக்காரு.

— வலிச்சா நான் பாத்துக்கறேன் தாயே. நாளைக்கு ராத்திரியிலேர்ந்து நான்தானே பாத்துக்கணும்.

— ...

— கேக்குதா?

— கேக்குது.

— சும்மா சொன்னேன்.

— சும்மா சொல்லல. சரி விடு.

— பெட்டி கட்டியாச்சா?

— உங்க அக்கா வந்து கட்டினாங்க. நான் மடிச்சு வெச்ச துணியை எல்லாம் பிரிச்சுப் போட்டு, மறுபடி அவங்க மடிச்சாங்க. திட்டிக்கிட்டேதான்.

— என்னன்னு?

— ‘என் தம்பியை விட்டுட்டுப் போறவளுக்கு நான் எதுக்கு மடிச்சுக் குடுக்கணும்’னு கேட்டுக்கிட்டே, என் சாக்ஸை ஜோடி ஜோடியா உருட்டி வெச்சாங்க.

— அவ அப்படித்தான்.

— கடைசியில பெட்டி மேல உக்காந்து அழுதாங்க. ‘விவாகரத்துன்னு ஒரு தாள்ல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா நான் உனக்கு நாத்தனார் இல்லாம போயிடுவேனா’ன்னு.

— நீ என்ன சொன்னே?

— என்ன சொல்றது. ஜிப் போடணும், எழுந்திருங்கன்னு சொன்னேன்.

— ம்.

— காத்து?

— இருக்கு. பொறு. அதாவது, பெரிய ஜம்ப்புல நீ மேல இருக்கறப்போ பக்கத்துலேர்ந்து ஒரு தள்ளு தள்ளினா போதும். அவசரப்படாதே.

— நான் எங்க அவசரப்பட்டேன்.

— புது வேலைன்னு அங்க போய் என்னதான் சொல்லிக் குடுப்பே? ஸ்லோப்ஸ்டைலா?

— ஸ்லோப்ஸ்டைல்தான். சைக்கிள் பார்க்ல.

— மண்ணுக்கு இஸ்திரி போட்டு வெச்சிருக்காங்கன்னு கிண்டல் பண்ணுவியே, அதுவா?

— அதேதான். ஒவ்வொரு மேடும் அளவெடுத்துக் கட்டினது. தாவணும், அந்தரத்துல வண்டியை ஒரு சுத்து சுத்தணும், கீழ உக்காந்திருக்கறவங்க மார்க் போடணும். சர்க்கஸ்காரி ஆயிட்டேன்.

— உனக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

— தாங்கும். நீ மட்டும் என்னவாம்? டவுன்ஹில். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டவன். ரெண்டு பக்கமும் நாடா கட்டியிருப்பாங்க, நடுவுல தலையைக் குனிஞ்சுட்டு ஒரே இறக்கமா இறங்கறது.

— அதுல ஒரு நியாயம் இருக்கு. எல்லாருக்கும் ஒரே தடம், யார் சீக்கிரம் இறங்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. கடிகாரம் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது.

— இதையேதான் நாம பாத்துக்கிட்ட முதல் நாளும் சொன்னே. நான் பந்தயம் முடிஞ்சதும் நாடாவைத் தாண்டிப் பாறைப் பக்கமா இறங்கி வந்தேன். நீ கீழ நின்னுட்டு, ‘அது தடம் இல்லைங்க’ன்னே.

— ‘இப்ப தடம் ஆயிடுச்சு பாருங்க’ன்னே நீ.

— ‘ங்க’ எல்லாம் போட்டுப் பேசியிருக்கோம் பாரேன்.

— அன்னிக்குத்தான் ஃப்ரீரைடுன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது. கடிகாரம் இல்ல, நாடா இல்ல, மார்க் போட ஆள் இல்ல. மலையைப் பாத்துக்கிட்டே உக்காரணும், எங்க இறங்கலாம்னு அதுவா சொல்ற வரைக்கும்.

— நீ உக்காரல. மறுநாளே மண்வெட்டியோட வந்து நின்னே. ‘அந்தப் பாறைக்குக் கீழ மண் சரியில்லைங்க, கொட்டி இறுக்கினா பயமில்லாம இறங்கலாம்’னு. அப்ப வெச்ச பேருதான் மேஸ்திரி.

— உன்னை மறுபடி பாக்க வேற என்ன சாக்கு சொல்றது.

— தெரியும்.

— தெரியுமா?

— மண் சரியாத்தான் இருந்துச்சு மேஸ்திரி. பேசாம எங்க அண்ணன் மாதிரி நாமளும் க்ராஸ் கன்ட்ரி ஓட்டியிருக்கலாம். ஏறுவான், மூச்சு வாங்குவான், வாழைப்பழம் சாப்பிடுவான், மறுபடி ஏறுவான். எங்க அண்ணி நிம்மதியா தூங்கறாங்க.

— ஏறத் தெரிஞ்சவனுக்கு எலும்பு உடையாதா?

— நீ ஏறியும் உடைச்சுக்கல, இறங்கியும் உடைச்சுக்கல.

— அதைப் பேசாதே.

— நான் பேசல. இங்கேர்ந்து பாத்தா அந்த இடம் தெரியுது. வண்டி நிறுத்தற இடம். அவ்வளவு மலையையும் இறங்கி முடிச்சுட்டு, என்னைப் பாத்துக் கையை ஆட்டினே.

— சமதரை. ஒரு கூழாங்கல். வெளியில சொன்னா சிரிப்பாங்க.

— யாரும் சிரிக்கல.

— நான் சிரிச்சேன். இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடக்கு, நான் சிரிச்சேன்.

— சிரிச்சுட்டு, ‘டைம் நல்லா வந்துச்சா’ன்னு கேட்டே. ஆம்புலன்ஸ்ல ஏத்தற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தே.

— நீ பதிலே சொல்லல.

— ஸ்டாப்வாட்சை நான் நிறுத்தவே இல்ல. கீழ போட்டுட்டு ஓடி வந்தேன்.

— ம்.

— காத்து எப்படி?

— இன்னும் கொஞ்சம். அப்புறம் நீ உன் சைக்கிளைத் தூக்கிப் பரண்ல போட்டே. நான் போடச் சொல்லல. அதை யாரும் நம்பறதில்ல. என் அக்காவே நம்பல.

— நீ சொல்லலதான். நான் மலைக்குக் கிளம்பினாலே நீ குளியலறைக்குப் போவே. குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுப்பே, தண்ணி சத்தத்துல தெரியாதுன்னு.

— கேட்டுச்சா?

— சின்ன வீடு மேஸ்திரி.

— அந்த மழைக்காலம் முழுக்க நீ சமையலறை ஜன்னல்ல நின்னே. ஒரே தட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பே. குழாயில தண்ணி போய்க்கிட்டே இருக்கும், கண்ணு மலை மேல இருக்கும். கூப்பிட்டாத் திரும்புவே. திரும்பினா முகத்துல யாருமே இருக்க மாட்டாங்க. அதைப் பாக்க முடியாமத்தான் நானே பரண்லேர்ந்து இறக்கினேன்.

— கைத்தடியோட ஏணி ஏறி. நான் கடையிலேர்ந்து வந்து பாத்தப்போ சட்டையெல்லாம் ஒட்டடை.

— இறக்கினேன்ல?

— இறக்கினே. செயினுக்கு எண்ணெய் போட்டு, டயருக்குக் காத்தடிச்சு, வாசல்ல நிறுத்தி வெச்சு, ‘போயிட்டு வா’ன்னே. வாய்தான் சொல்லுச்சு. முகம் சொல்லல.

— ஆனா வாய் சொல்லுச்சு. ஒருநாளும் உன்னைத் தடுத்ததில்ல நான்.

— இல்ல. தடுத்ததில்ல.

— ஒவ்வொரு தடவையும் கீழ வந்து நின்னு காத்து பாத்துச் சொன்னேன்.

— சொன்னே.

— அப்புறம் ஏன்?

— என்ன ஏன்?

— ஏன் போறேன்னு கேக்கறேன். கோர்ட்ல கேட்டப்போ ‘ஒத்துப்போகல’ன்னே. அது வக்கீல் சொல்லிக் குடுத்த வார்த்தை. எனக்கு உன் வார்த்தை வேணும்.

— வேலை கிடைச்சுது.

— வேலைக்குப் போறவ புருஷனையும் கூட்டிக்கிட்டுப் போகலாமே. நொண்டிப் புருஷனைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்.

— இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னா, இந்த ரேடியோவைத் தூக்கிப் பள்ளத்துல போட்டுட்டு, பின்பக்கமா நடந்தே இறங்கிப் போயிடுவேன்.

— பின்ன மலையா நானான்னு வந்துச்சு, மலைன்னு சொல்லிட்டே. அப்படித்தானே?

— அப்படி இல்ல.

— எப்படித்தான்?

— நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் நீ உன்னையே வெறுத்துக்கிட்டு இருப்பே. அதைப் பாத்துக்கிட்டு எனக்கு இருக்க முடியல. போதுமா?

— நான் எதுக்கு என்னை வெறுக்கணும்?

— ஒண்ணும் இல்ல. விடு.

— சொல்லு தாயே.

— காத்து எப்படி இருக்குன்னு சொல்லு.

— இருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்.

— கேளேன். ஜம்ப்போட விளிம்புல நீ ஒரு நாடா கட்டியிருக்கியே, காத்து தெரியறதுக்கு.

— ஆமா.

— அது இங்கேர்ந்தும் தெரியும். ஆடாம தொங்கிப் போய் ரொம்ப நேரம் ஆச்சு. உங்க அக்கா சாக்ஸ் உருட்டின கதையைச் சொன்னேனே, அப்பவே அடங்கிடுச்சு.

— தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு உக்காந்திருந்தே?

— நீ சொல்லாம என்னிக்கு இறங்கியிருக்கேன்?

— திட்டியிருக்கலாமே.

— எதுக்குத் திட்டணும். வெயில் இதமா இருந்துச்சு. நீ பேசினே. எனக்கும் எழுந்திருக்க மனசு வரல. ஆனா இனிமே முடியாது. வெயில் சாஞ்சா நிழல் விழும். அப்புறம் மேடு எது, பள்ளம் எதுன்னு தெரியாது. சொல்லு.

— ஹெல்மெட் பட்டை?

— போட்டாச்சு.

— முழங்கால் கவசம்?

— போட்டாச்சு மேஸ்திரி.

— முதல் டிராப்ல, பாறையிலேர்ந்து கீழ குதிக்கற இடத்துல, பயந்து பின்னாடி சாஞ்சுடாதே. பெரிய ஜம்ப்புக்குப் பிரேக்கே வேண்டாம். இறக்கமே உனக்கு வேகம் குடுக்கும்.

— தெரியும். நாமதானே வெட்டினோம்.

— ரேடியோவை அணைச்சுட்டுக் கிளம்பு. உனக்குத்தான் ஓட்டறப்போ காதுல குரல் இருந்தா ஆகாதே.

— ம்.

— சரி. காத்து இல்ல. வா.

— வரேன்.

— கிளம்பிட்டே. இனிமே நான் பேசறது மலைக்குத்தான் கேக்கும். அணைச்சுப் போட்ட ரேடியோவுக்கு எதுக்குடா பேசறேன்னு யாராவது பாத்தா கேப்பாங்க. பேசாம நின்னா எனக்கு மூச்சு நின்னுடும், அவ்வளவுதான். வேரு. வேரைப் பாரு. தாண்டிட்டே. இடது. வண்டியை நல்லாச் சாய், இன்னும் சாய். அப்படித்தான். டிராப் வருது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். எப்பவும் மூடிக்கறதுதான். ரெண்டு சக்கரமும் ஒண்ணா விழற சத்தம் கேட்டாத்தான் திறப்பேன். கேட்டுச்சு. இருக்கே.

இங்க நின்னுக்கிட்டு இத்தனை நாளும் நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு உனக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டே. விழக்கூடாதுன்னு வேண்டிக்கல. விழட்டும்னு வேண்டிக்கிட்டேன். உயிருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, எலும்பு மட்டும். என்னை மாதிரி. அப்ப மலை முடிஞ்சுபோகும். நீ வீட்ல இருப்பே. வாசல்ல ரெண்டு கைத்தடி சாத்தி வெச்சிருக்கும். அதை வாய் விட்டுச் சொல்வேன், சொன்ன வாயாலயே வேண்டாம் வேண்டாம்னு அடிச்சுக்குவேன். ஒவ்வொரு தடவையும். கட்டினவன் வேண்டிக்கற வேண்டுதலா இது.

இன்னிக்குச் சொல்ல மாட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். நல்லா வா. பெரிய ஜம்ப். வேகம் போதும், தொடாதே, எதையும் தொடாதே. விடு. போயிட்டே. கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கேன் பாரு இன்னிக்கு. எவ்வளவு நேரம் மேலயே இருக்கே. முழுசா இறங்கு. முழுசா. இறங்கிட்டே. போகாதே. எங்கேயும் போகாதே.

— ...

— மேஸ்திரி.

— ரேடியோ போட்டுட்டியா? இருக்கியா? எங்க நிக்கறே?

— அடிவாரத்துல. வண்டி நிறுத்தற இடத்துல.

— நல்லா இறங்கினே. ரொம்ப நல்லா.

— முன்சக்கரம் கொஞ்சம் தாழ்ந்துச்சு.

— ஒரு நூலளவு. வேற யாருக்கும் தெரியாது.

— உனக்குத் தெரிஞ்சுது.

— எனக்குத் தெரியாம? அங்கேயே இரு. தண்ணி எடுத்துட்டு நானே மெதுவா இறங்கி வரேன்.

— நீ வராதே. சரளைக்கல். நான் வரேன். கொஞ்ச நேரம் கழிச்சு.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? எங்கேயாவது பட்டுடுச்சா?

— படல.

— பின்ன?

— இந்த ரேடியோவை நான் ஒருதடவைகூட அணைச்சதில்ல மேஸ்திரி. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு. ஆனா உன் குரல் காதுல இல்லாம எனக்கு இறங்கத் தெரியாது.