இல்லாத இருபது சொற்கள்

அவைக்குத் தலைமை தாங்கி, எனக்கு நாலே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் முதல்வர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பகலெல்லாம் பாடுபட்டு, மாலையில் ஆங்கிலம் படித்து, இன்று சான்றிதழ் பெற வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே! உங்கள் வாத்தியாரின் வணக்கம்!

துணியை முழம் போடலாம். பாலைப் படியில் அளக்கலாம். ஒருவருக்கு எத்தனை சொல் தெரியும் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

போன ஆண்டு நாங்கள் அளந்தோம்! நூறு ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் அடுக்கி, தெரிந்ததற்கு மட்டும் டிக் போடுங்கள் என்றோம். எண்பது உண்மைச் சொற்கள். மீதி இருபதும் எந்த அகராதியிலும் இல்லாத, நானே உட்கார்ந்து உருவாக்கிய போலிகள்! போலிக்கு டிக் போட்டால், ஒன்றுக்கு மூன்று மதிப்பெண் கழிக்க வேண்டும். பத்தியைப் படித்து விடை எழுதுவதில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தார்கள். ஆகவே, யார் முன்னே யார் பின்னே என்பதை முடிவு செய்தது இந்தச் சொல் தாள்தான்.

இங்கேதான் உங்கள் வாத்தியார் கோட்டை விட்டார். கழிக்க மறந்தேன்! டிக்குகளை மட்டும் எண்ணி, பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டேன். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்; எனக்கு அது வேண்டும்.

முதல் பத்துப் பேருக்கே இரண்டாம் நிலை வகுப்பு. அதில் படிப்பவர்களில் ஒருவருக்குத்தான் மருத்துவமனை மருந்துக் கிடங்கில் வேலை. அந்த வேலையை நம்பிப் படித்தவர், பதினோரு ஆண்டுகளாகச் சலவைக் கூடத்து நீராவியில் வெந்து படுக்கை விரிப்பு மடிக்கும் ஒரு சகோதரி. இருபத்து நான்கு பேரில் அவருக்கு இருபத்து நான்காம் இடம்.

அழுதாரா? ஏசினாரா? அடங்கிப் போனாரா? இல்லை! நேரே என் மேசைக்கு வந்தார்.

"சார், என் தாளைக் கொஞ்சம் காட்டுங்க."

"டிக்கே கம்மியா இருக்கும்மா. அடுத்த வருசம் பார்க்கலாம்."

"தெரிஞ்சதுக்குத்தானே சார் போடச் சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்சது அம்பத்திரண்டு. மிச்சத்தையும் தெரியும்னு எப்படி சார் போடுறது?"

தாளை எடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். இருபது போலிகளில் ஒன்றையும் அவர் பேனா தொடவில்லை. ஒன்றையும்! அவர் கண்முன்னே அத்தனை தாளையும் மறுபடி திருத்தினேன். கடைசியில் நின்றவர் மூன்றாம் இடத்துக்கு வந்தார். நூற்றுக்கு நூறும் டிக் போட்டு முதலிடத்தில் இருந்த நம் லாரி ஓட்டுநர் அண்ணன் கடைசிக்குப் போனார். அதோ, முகத்தைத் துண்டால் மூடுகிறாரே, அவர்தான்!

"எல்லாச் சொல்லும் தெரியுமாண்ணே?" என்றேன்.

"எங்கயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு சார்."

"எங்கண்ணே பார்த்தீங்க? போன வாரம் நான்தானே செஞ்சேன்!"

கோபிக்கவில்லை அவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்த ஆண்டு மறுபடி எழுதித் தேறியும் விட்டார். அவருக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்!

இரண்டாம் நிலை வகுப்பு முடிந்ததும், மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் அம்மா அந்தப் பத்துப் பேரின் சொல் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். சலவைக் கூடத்துச் சகோதரியின் தாளில் அவர் கை நின்றது. அதைவிடக் கூடுதல் மதிப்பெண் இரண்டு பேருக்கு இருக்கிறதே என்றேன்.

"இருக்கட்டும் சார். அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு போலியில மாட்டியிருக்காங்க. மருந்துச் சீட்டுல புரியாத பேரைப் புரிஞ்ச மாதிரி எடுத்துக் குடுத்தா நோயாளி கதி என்ன? எனக்கு இவங்கதான் வேணும்."

அவையோரே! ஆயிரம் சொல் கற்பது அறிவு. அறியாததை அறியேன் என்பது அதனினும் பெரிய ஆற்றல். வாத்தியார் வைத்த தேர்வில் வாத்தியாரையே திருத்திய மாணவி, என் மாணவி! சொல்லும்போதே என் நெஞ்சு நிமிர்கிறது.

வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் மருந்துக் கிடங்கில் பொறுப்பேற்கிறார். என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. என் பிழையைப் பொறுத்துக்கொள்ளாத அவருக்கு, அதைவிடப் பெரிய நன்றி. முதல் சான்றிதழ் அவருக்கே. மேடைக்கு வாருங்கள் அம்மா. எழுந்து நின்று வணங்குகிறோம்!