கிரீஸ் கழுவிய வாரம்

பழைய துப்பாக்கியில் அப்பியிருக்கும் கிரீஸை இளக்க, ஜூலை வெயிலில் நிற்கும் காரைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் மொன்டானா பக்கம் சிலர் சமையலறை ஓவனில் வைப்பார்கள். ஒருமுறை நானும் வைத்தேன். மூன்று வாரம் லோரல் சுட்ட ரொட்டியெல்லாம் லாரிப் பட்டறை போல மணத்தது. அதனால் இந்த முறை இரும்பையும் மரத்தையும் தனித்தனியாகக் கறுப்புக் குப்பைப் பைகளில் சுற்றி, காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

துப்பாக்கி என்னுடையதல்ல. என் மனைவி லோரலின் அண்ணன் டேரன் வாங்கியது. துருப்பிடிக்காமலிருக்கக் கிரீஸ் பூசி, யூகோஸ்லாவிய ராணுவக் கிடங்கில் பல வருடம் கிடந்தது.

"நீ காலேஜ் படிச்சவன் மாப்ளே, பொறுமையா செய்வ. நானா இருந்தா பெட்ரோல ஊத்திக் கொளுத்திருவேன்," என்றான். அதே மூச்சில், ஞாயிற்றுக்கிழமை லோரலைத் தன் வண்டியில் பக்கத்து மாநிலத்து ஸ்போகேன் நகரத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். அங்கே அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். தங்க ஓர் அறையும். லோரல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் வேலை செய்தேன். குழலில் கொதிநீர் ஊற்றினேன். மூலை முடுக்கெல்லாம் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மரக்கட்டை கிரீஸாக வியர்த்தது. துடைத்தேன். மறுபடி வியர்த்தது.

தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் போல்ட்டுக்குள், அதைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி ஒன்று உண்டு. இந்த ரகத்தில் அதற்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டைக் குலுக்கினால் ஊசி உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். கிரீஸ் இறுகியிருந்தால் அது நீட்டியபடியே நின்றுவிடும். விசையைத் தொடாமலே, போல்ட் முழுதாக மூடுவதற்குள் தோட்டா வெடிக்கலாம். இதை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டேரனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. வெளிப்புறத்தைத் துடைத்து மாட்டிவிட்டேன்.

டேரனைக் கொல்ல நினைக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கையில் காயம் பட்டால் வண்டி ஓட்ட முடியாது. பயணம் ஒரு மாதம் தள்ளிப்போகும். அதற்குள் லோரலிடம் பேசியிருப்பேன்.

சனிக்கிழமை காலை மூவரும் ஊருக்கு வெளியே கைவிட்ட ஜல்லிக் குழிக்குப் போனோம். டேரன் தோட்டாக்களை அழுத்தி நிரப்பினான். பிறகு துப்பாக்கியைத் தங்கையிடம் நீட்டினான்.

"மொதல்ல நீ சுடு. உம்புருஷன் நாலு நாள் தேய்ச்சிருக்கான். உன்னைக்கூட இவ்வளவு கவனிச்சிருக்க மாட்டான்."

"ஆமா, நானும் ஒரு கிரீஸ் டப்பாவுல படுத்துக் கிடந்திருக்கணும்," என்றாள் லோரல். வெகுநாள் கழித்துச் சிரித்தாள். போல்ட்டின் பிடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ளெல்லாம் சுத்தமா இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

அவள் போல்ட்டை இழுத்து விட்டாள். அதற்கப்புறம் நடந்ததை டேரன் சொல்லியிருப்பான்.

இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருந்தால், ஏன் விட்டாய் என்று கேட்டிருப்பாள். என்னைப் பற்றித் தப்பாக நினைத்திருப்பாள். அவளுக்கு அந்த வேதனையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி நொடிவரை அவள் என்னை நம்பினாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்கு மிஞ்சிய ஆறுதல் அதுதான்.