குளவிப் பலகை

பூங்காவுக்கு வருகிறவர்கள் அறிவிப்புப் பலகைகளைப் படிப்பதில்லை என்பார்கள். அது தவறு, ஐயா. படிக்கிறார்கள். பதுளை நகரத்தின் ஓரத்திலுள்ள அந்தப் பெரிய பூங்காவில் பதினொரு வருடமாக மரம் செடி பார்க்கிறவன் சொல்கிறேன்.

மேற்கு மூலை மருத மரத்தில் குளவி கூடு கட்டியதும், 'குளவி. கிட்டப் போக வேண்டாம்' என்று சிவப்பில் எழுதி நட்டவன் நான்தான். அதன்பிறகு அங்கிருந்த வாங்கில் ஒருவரும் உட்காரவில்லை.

ஜெயகுமாரும் படிப்பார். மகள் ஜெயந்தினியோடு மாலையில் நடக்க வருகிறவர், பலகையைக் கண்டதும் திரும்பிவிடுவார். என் மனைவி ரெங்கம்மா கொழுந்து பறித்த தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலையில் கூடு இருப்பதை அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர்:

"குளவி என்ன ஒன் மாமன் மகனா, ஒன்னையத் தேடி வர? போ புள்ள, ஒன் நெரையப் பறிச்சு முடி."

எல்லோரும் சிரித்தார்களாம். ரெங்கம்மாவும் சிரித்தாளாம். நான் அப்போது கொழும்பில் வேலை செய்தேன். வந்து, பிரேத அறையில் காதுத் தோட்டை வைத்துத்தான் அவளை அடையாளம் சொன்னேன்.

நான் ரெங்கம்மாவின் புருஷன் என்று ஜெயகுமாருக்குத் தெரியாது. ரோசா நன்றாகப் பூத்திருக்கிறது என்று பாராட்டுவார். ஜெயந்தினி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தருவாள். நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை பலகையின் எழுத்து மங்கியிருந்தது. வண்ணம் பூசக் கழற்றினேன். பராமரிப்பு என் வேலை.

"என்ன அழகர், பலகையக் காணோம்?"

"கூட்ட எரிச்சாச்சுங்க. தைரியமா உக்காருங்க."

வாங்கைத் துடைத்தும் கொடுத்தேன். பிறகு கருவி அறை வாசலில் நின்று ஒரே ஒரு கல் எறிந்தேன். கொட்டியது குளவி.

அவர் தன் முகத்தைத் தானே அறைந்துகொண்டு விழுந்து புரண்டார். வாய்க்குள்ளும் போயின. ஜெயந்தினி புல்வெளிப் பக்கம் ஓடியிருந்தால் தப்பியிருப்பாள். அவள் தன் சால்வையை அப்பாவின் மேல் போர்த்திவிட்டு என் அறைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, தொறங்கண்ணே. அப்பாவ உள்ள தூக்கிருவோம். அண்ணே."

தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். திறந்தால் குளவி உள்ளே வந்துவிடும். புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். தட்டுவது நிற்கச் சற்று நேரம் எடுத்தது. அவளையும் தோட்டை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

பலகை இப்போது காய்ந்திருக்கும், ஐயா. யாரையாவது அனுப்பி நடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சனம் வரும். குளவிக்கு இரக்கம் கிடையாது.