எந்தக் கையானாலும்

செங்கொடி: எங்க எந்திரிச்சிட்ட? குந்து லூயிசு. விபத்து ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டுட்டு போ.

லூயிஸ்: குடு, போட்டுட்றேன். பேனா எங்க?

நீலமேகம்: படிக்காம போடாத.

லூயிஸ்: நீ சும்மா இரு நைனா. மேல கேபின்ல குந்தி கிரேன் ஓட்டறவனுக்கு கீய கீற பேஜாரு தெரியாது.

செங்கொடி: ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. நானே படிக்கிறேன். "நேற்று காலை பத்து இருபதுக்கு, கிரேன் இரும்புக் குழாய்க் கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, சிக்னல் வேலைக்கு நியமிக்கப்படாத ஹெல்ப்பர் பசுமத்தாரி, காரணமின்றி நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கிரேன் திடீரென நின்றதால் கட்டு ஆடி, பக்கத்தில் நின்ற லாரியின் கேபின் நசுங்கியது. கட்டுக்கு அடியில் ஆள் யாரும் இல்லை." அவ்ளோதான். கிரேன் ஆபரேட்டர் நீலமேகம், சிக்னல்மேன் லூயிஸ். ரெண்டு கையெழுத்து.

லூயிஸ்: கரீட்டா கீது. பேனா.

நீலமேகம்: அந்த கடைசி வரி...

லூயிஸ்: கடைசி வரிக்கு இன்னா?

நீலமேகம்: "ஆள் யாரும் இல்லை"ன்னு கீதே.

செங்கொடி: அது நானா எயுதல அண்ணே. அவனே சொன்னது. நேத்து இதே சேர்ல குந்திகினு, அவனுக்கு தெரிஞ்ச தமிழ்ல சொன்னான். "யாரும் இல்ல. என் தப்பு." ரெண்டு தபா கேட்டேன். ரெண்டு தபாவும் அதேதான்.

நீலமேகம்: ஆள் இல்லாத எடத்துக்கா ஒருத்தன் எட்டு டன்னுக்கு அடியில ஓடி வருவான்?

லூயிஸ்: அவன் இன்னா நெனச்சானோ... சைனாக்காரன் மனசுல இன்னா கீதுன்னு யாருக்கு தெரியும்?

செங்கொடி: அவன் பேரு இன்னா லூயிசு?

லூயிஸ்: இப்போதான படிச்ச நீ... மதாரியோ, பதாரியோ.

செங்கொடி: பசுமத்தாரி. அஸ்ஸாம். உன்கூட ஏழு மாசமா வேல செய்றான்.

லூயிஸ்: சைனான்னு சும்மா ஜாலிக்கு கூப்ட்றதுதான். அவனே சிரிப்பான்.

செங்கொடி: நானும் அப்டி சிரிச்சவதான். காலேஜ்ல நான் "இன்னா"ன்னு வாய தொறந்தா போதும், ஒருத்தி அப்டியே பேசி காட்டுவா. கிளாஸே சிரிக்கும், நானும் சிரிப்பேன். வூடு புளியந்தோப்புல கீதுன்னு சொன்னா இன்னும் ரெண்டு பேரு சேந்து சிரிப்பாளுங்க. வூட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணிய தொறந்து வுட்டுகினு அயுவேன்.

லூயிஸ்: அத்தயும் இத்தயும் ஒண்ணாக்காத.

செங்கொடி: ஏன்? வேற வேறயா அது?

லூயிஸ்: வேறதான். எங்க நெட்டுக்குப்பத்துல போய் பாரு. ஐ.டி.ஐ. முடிச்ச பசங்க எத்தினி பேரு வூட்ல கீறானுங்க? ஆத்துல மீனும் இல்ல, கேட்டுல வேலயும் இல்ல. இங்க ஒருத்தன் வரான், ஏழே மாசத்துல சிக்னல் டெஸ்ட் எயுதி பாசாவுறான். நம்ம பசங்களுக்கு வேல குடு, அவன அனுப்புன்னு நான் மனு போட்டது தப்பா? முப்பத்திரண்டு பேரு கையெழுத்து போட்டானுங்க.

நீலமேகம்: பசங்களுக்கு வேல கேட்டது தப்பு இல்லடா. அது நாயம்.

செங்கொடி: நாயம்தான். அத்த கம்பெனிகிட்ட கேக்கணும். அவன்கிட்ட ஒருத்தனும் பேசக்கூடாதுன்னு ரூல் போட்டியே, அது யாருக்கு வேல வாங்கி குடுக்கும்? பன்னெண்டு நாளு. டீ குடிக்கும்போது அவன் வந்தா எல்லாரும் எந்திரிச்சிட்றீங்க. நான் இந்த ஜன்னல்லேந்து பாத்துகினுதான் கீறேன். பதினோராவது நாளு அவன் டீய வாங்கிகினு தண்ணி டேங்க் பின்னால போய் நின்னு குடிச்சான். நீங்க எந்திரிக்க வேணாம்னு.

நீலமேகம்: இப்போ எங்கமா கீறான்?

செங்கொடி: தோ, கேட்டாண்ட. ஒரே ஒரு பை. ஹெல்மெட்ட சோப்பு போட்டு கயுவி இங்க வெச்சிட்டு போய் குந்திகீறான். இந்த பேப்பர்ல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா, பதினோரு மணிக்கு மேனேஜர் அவன் கேட் பாஸ வெட்டிடுவாரு. இந்த பெல்ட்ல எந்த யார்டுலயும் வேல கெடைக்காது. அதான் படிக்க சொன்னது.

நீலமேகம்: நான் ஒண்ணு சொல்றேன், எயுத வேணாம், கேளு. இருவத்தெட்டு வருசமா கிரேன் ஓட்றேன். பாரம் கீய வரும்போது மனுசன் வெளியதான் ஓடுவான். அவன் ஓட வேணாம், ஒடம்பே ஓடிரும். நான் பாக்காததா? ஆனா இவன்... உள்ள ஓடி வந்தான்மா. நட்டநடுவுல நின்னான். தலைக்கு மேல கொயா கட்டு எறங்குது, அத்த பாக்கல. என்ன பாத்தான். ரெண்டு கையும் இப்டி... ஆணி அடிச்சா மாரி விரிச்சிகினு. எனக்கு தூக்கமே இல்ல. இப்போ சொல்லும்போது கூட... பாரு கைய, சிலுத்துகினு நிக்குது.

லூயிஸ்: அவனுக்கு பயமே இல்ல நைனா?

நீலமேகம்: நானும் அத்ததான் யோசிச்சிகினு கீறேன். மேலேந்து பாத்தா மூஞ்சி எங்க தெரியுது... கை மட்டும்தான் தெரியும். கைக்கு ஊரு ஏது, பாஷ ஏது.

செங்கொடி: ஆனா கை காட்ட அவனுக்கு ரைட்டு இல்லன்றாரு மேனேஜர்.

நீலமேகம்: தூக்கறதுக்கும் எறக்கறதுக்கும்தான் சிக்னல்மேன் கை. நிறுத்தறதுக்கு யாரு கை வேணாலும் காட்டலாம். டீ விக்கிறவன் காட்னா கூட கிரேன் நிக்கணும். இந்த தொயில்ல மொத நாளு சொல்லி தர்றதே அதான். இல்லன்னு சொல்ல சொல்லு லூயிச.

லூயிஸ்: ...மெய்தான்.

செங்கொடி: அப்போ காரணம் இருந்துச்சான்றதுதான் கேள்வி. காரணம் இருந்துச்சுன்னா அவன் செஞ்சது கரீட்டு. இல்லன்னா தப்பு. அண்ணே, நீ மேலேந்து ஆள் யாரயாச்சும் பாத்தியா?

நீலமேகம்: கட்டு மறைச்சிகினு இருந்துச்சு. என்ன பாத்து நின்னவன்தான் தெரிஞ்சான், அவனுக்கு பின்னால அடியில குனிஞ்சி கீறது எனக்கு தெரியாது. லூயிசு எறக்குன்னு கை காட்னான், எறக்கினேன். அப்பால லூயிச காணோம்.

செங்கொடி: எங்க போன லூயிசு?

லூயிஸ்: லாரிக்கு அந்தாண்ட... அங்கதான் நின்னேன்.

செங்கொடி: பீலா வுடாத. அந்தாண்ட நின்னா உன் கை எப்டி நைனாக்கு தெரியும்? அது சரி, கய்த்துல விசில் எங்க?

லூயிஸ்: வூட்ல மறந்துட்டேன்.

செங்கொடி: பத்து வருசத்துல ஒரு நாளு உன்ன விசில் இல்லாம பாத்தது இல்ல. கல்யாண போட்டோல கூட போட்டுகினு கீறன்னு உன் வூட்டுக்காரி டோரதி சொல்லி சிரிப்பா.

லூயிஸ்: க்கா... வுட்டுடேன்.

செங்கொடி: வுட்டுட்றேன். தோ பேனா. போடு.

நீலமேகம்: போட்றா. இன்னாடா, பேனாவ கீய வெச்சிட்ட?

லூயிஸ்: கட்ட புரண்டுச்சு நைனா.

செங்கொடி: இன்னா கட்ட?

லூயிஸ்: கொயா வந்து ஒக்கார்றதுக்கு கீய ரெண்டு மரக்கட்ட வெப்போம்ல. அதுல ஒண்ணு புரண்டு கெடந்துச்சு. அப்டியே எறக்கியிருந்தா மொத்தமும் உருண்டுரும். நேரா வெக்கணும். நான் உள்ள போனேன்.

செங்கொடி: அது ஹெல்ப்பர் வேல இல்லியா? நீட்டு கம்பியால தள்ளி வுடுவாங்களே? அவன் கையில கம்பி இருந்துச்சா?

லூயிஸ்: இருந்துச்சு.

செங்கொடி: எங்க நின்னான்?

லூயிஸ்: நாலு அடியில நின்னான்.

செங்கொடி: "கட்டய தள்ளு"ன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?

லூயிஸ்: எப்டி சொல்றது? பன்னெண்டு நாளா பேசலயே... பசங்க எல்லாம் பாத்துகினு இருந்தானுங்க. ரூல் போட்ட நானே மொதல்ல வாய தொறந்தா சிரிக்க மாட்டானுங்க? ரெண்டே செகண்டு வேலதானன்னு நானே குனிஞ்சி போய்ட்டேன். நைனாக்கு நிறுத்துன்னு கூட காட்டல.

நீலமேகம்: அட பாவி.

லூயிஸ்: நிமுந்து பாக்கறேன், தலைக்கு மேல இருட்டு. கத்த கூட வரல. அப்போ ஒரு காலு தெரிஞ்சிது. கிழிஞ்ச ஷூ. எனக்கும் கட்டுக்கும் நடுவுல வந்து நின்னுது. நவுரவே இல்ல. கட்டு நின்னு, ஆடி, லாரில மோதுற சத்தம் கேட்டப்போதான் என்ன காலர புடிச்சி இழுத்து வெளிய போட்டான்.

செங்கொடி: ஏசுவே... உன் சாமிய நான் கூப்ட்றேன் பாரு.

லூயிஸ்: இன்னும் கீது. காலைல நான் கேட்டுக்குள்ள வரேன், குறுக்க வந்தான். அடிக்க போறான்னு நெனச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நின்னேன். என் கைய புடிச்சி, தோ... இத்த வெச்சி, வெரல மூடி வுட்டுட்டு போய்ட்டான். ஒரு வார்த்த பேசல.

நீலமேகம்: இன்னா அது?

செங்கொடி: விசிலுண்ணே... தகடு மாரி நசுங்கி கீது.

லூயிஸ்: கயிறு அந்து அடியில வியுந்து, அப்பால எறங்குன கட்டு ஓரத்துல மாட்டி நசுங்கிகீது. விசாரணக்கு ஆளுங்க வர்றதுக்கு முன்னால அவன் எடுத்து மறைச்சிட்டான். அது கெடச்சிருந்தா அடியில இருந்தது நான்தான்னு தெரிஞ்சிருக்கும்ல. சிக்னல்மேனே பாரத்துக்கு அடியில போனா சிக்னல் கார்ட புடுங்கிடுவாங்கன்னு டெஸ்ட்டுக்கு படிச்சவனுக்கு தெரியாதா?

செங்கொடி: அதான் "யாரும் இல்ல"ன்னானா...

லூயிஸ்: நான் அவன தொரத்த மனு போட்டேன் க்கா. அவன் என் வேலய காப்பாத்திட்டு பைய தூக்கிகினு போறான். இன்னா மனுசன் அவன்? நான் இருவத்தி நாலு மணி நேரமா அத்தயே யோசிக்கிறேன், எனக்கு புடிபட மாட்டேங்குது. நான் ஒரு தபா கூட அவன் பேர சொன்னது இல்லியே!

செங்கொடி: இப்போ சொல்லு.

லூயிஸ்: ப... பசுமத்தாரி.

செங்கொடி: இன்னா எயுதட்டும்?

லூயிஸ்: எயுது. அடியில ஆள் இருந்தான். அது சிக்னல்மேன் லூயிஸ்.

செங்கொடி: கார்டு போயிரும்டா.

லூயிஸ்: போவட்டும். ஹெல்ப்பரா நிக்கிறேன். கட்டய தள்ளி வுடறேன்... அவன் கை காட்டட்டும்.

செங்கொடி: பழசு கிழிச்சாச்சு. புதுசு எயுதறேன். கட்டுக்கு அடியில சிக்னல்மேன். ஹெல்ப்பர் நிறுத்த சொல்லி கை காட்னான். கிரேன் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல, இத்த மேனேஜரும் கேப்பாரு. கை காட்டணும்னா ஓரமா நின்னே காட்டியிருக்கலாமே? இன்னாத்துக்கு அடியில வந்து நிக்கணும்?

லூயிஸ்: ஓரத்துல நின்னா நைனாக்கு தெரியாது க்கா. கொயா அடுக்கு மறைக்கும்ல.

செங்கொடி: அப்டியா அண்ணே? ...அண்ணே? இன்னா, கண்ணு கலங்கிகீது?

நீலமேகம்: மறைக்காதும்மா. ஓரமா நின்னுதான் மொதல்ல காட்னான். ரெண்டு தபா காட்னான். கை தெரிஞ்சிது. மூஞ்சியும் நல்லாவே தெரிஞ்சிது. இவன் கைக்கு நான் இன்னாத்துக்கு நிக்கணும்னு எறக்கிகினே இருந்தேன். அப்பாலதான் அவன் அடியில ஓடி வந்தான். எயுதிக்க கண்ணு... அத்த மொத வரியா எயுது.