இரண்டு அரசாங்கமும் ஒரு கையெழுத்தும்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர் சொன்னார்: “எங்க வீட்ல குடியிருந்த வெள்ளைக்காரருக்கு ரெண்டு அரசாங்கமாம்க்கா.”

“அதெப்படிம்மா?”

“அவரு செத்து ஆறு நாளாச்சு. இன்னும் ஆஸ்பத்திரி பிணவறையிலதான் இருக்காரு. வெளிநாட்டு விஷயம்லாம் டெல்லிதான் பாக்கணும்னு இங்க சொல்லிட்டாங்க. டெல்லிலேர்ந்து அவங்க தூதரகத்துக்கு எழுதினாங்க. அவங்க நாடும் நம்மள மாதிரிதானாம். தூதரகம் மத்திய அரசாங்கத்தோடது, பொறப்பு இறப்பு பதிவெல்லாம் மாநிலத்துகிட்ட. அங்க கேட்டுத்தான் சொந்தக்காரங்களைக் கண்டுபுடிச்சாங்க.”

“யாராச்சும் இருக்காங்களா?”

“ஒரு பொண்ணு இருக்குது. பதினோரு வருஷம் எங்க மாடியில இருந்தாரு, ஒரு நாள்கூட சொன்னதில்ல. என்னால வர முடியாது, அங்கயே தகனம் பண்ணிடுங்கனு எழுதியிருக்குது.”

“அப்போ உடம்ப யாரு வாங்கறது?” என்றார் மூத்தவர்.

“நான்தான் கையெழுத்து போட்டேன். இறந்தவருக்கு என்ன உறவுனு ஒரு இடம் இருந்துச்சு. வாடகைக்கு விட்டவங்கனு எழுத மனசு வரலக்கா. தங்கச்சினு எழுதிட்டேன்.”

“ஆபீசர் ஒண்ணும் கேக்கலியா?”

“என்னை ஒரு தடவ நிமிர்ந்து பாத்தாரு. அப்புறம் சீல் வெச்சுக் குடுத்துட்டாரு.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள்.