கொழுந்தன் கடையை அளந்த கதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், “எங்க கொழுந்தன் பெட்டிக்கடைய நானே டேப்பு வச்சு அளந்துட்டேன்” என்றார்.

இளையவள், “எதுக்குக்கா?” என்றாள்.

“பள்ளிக்கூடத்துல இருந்து நூறு கெஜத்துக்குள்ள பீடி, சிகரெட்டு, புகையிலை விக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல. நான் பெத்தவுக குழுவுல இருக்கேன். ‘ஏங்கடை தூரந்தான் மதினி’ன்னு அவுக சாதிச்சாக. அப்ப அளந்துருவோம்னுட்டேன்.”

“ஒத்தையிலயா அளந்தீக?”

“மறுமுனையப் பிடிச்சது யாருங்குற? அவுக மகதான், எட்டாவது படிக்குது. பள்ளிக்கூடத்துக் கேட்டுல இருந்து பிடிச்சோம். பாதித் தூரங்கூட வரல, கடை வந்துருச்சு.” அவர் குரல் ஏறியதில் கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“கொழுந்தன் சும்மாவா இருந்தாக?”

“குடும்பத்துக்குள்ளயே இப்பிடிப் பண்ணலாமான்னு சத்தம் போட்டாக. அந்தப் பிள்ளதான், ‘எங்க வகுப்புப் பயலுக ஒங்ககிட்டதாம்ப்பா வாங்கிப் போடுறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு’ன்னு சொல்லுச்சு. அதக் கேட்டதும் தொங்குன புகையிலைச் சரத்தையெல்லாம் அவுகளே அறுத்துப் போட்டாக.”

“இப்ப ஒங்ககூடப் பேசுறாகளா?”

“காலையில வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாக. ‘ஏங்கடைய மட்டும் அளந்தா எப்பிடி மதினி? கிழக்கால ஒருத்தன் விக்கிறான். டேப்ப எடுங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்’ங்குறாக.”