இரண்டாவது சுவிட்ச்

அந்தப் போனில் எந்தக் கோளாறும் இல்லை, சார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பதினொரு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். பொருளைப் பற்றிப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அது வேறு வகைப் போன். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஆறு குட்டி சுவிட்சுகள் இருக்கும். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் வாங்குவது. இரண்டாவது சுவிட்ச் மைக்குக்கு. பல்குச்சி முனையால் தள்ளினால் மைக் செத்துவிடும். எதிர்முனைக் குரல் மட்டும் வழக்கம்போலக் கேட்கும். திரையில் எந்த அடையாளமும் தெரியாது.

என் மனைவி இளமதி மன்னார்குடியிலிருந்து பொங்கோல் வீட்டுக்கு வந்த மறுநாள் அதைக் கொடுத்தேன். சுவிட்சுகளைப் பற்றிச் சொல்லவில்லை.

தினமும் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். நான் வந்தால் குரல் தாழும். ஒரு மாலை, நான் வந்தது தெரியாமல், "அவரப் பாத்தா பயமா இருக்கும்மா" என்றாள். நான் அவளை அடித்ததே இல்லை.

மறுநாள் காலை அவள் சமைக்கும்போது போன் மூடியைக் கழற்றினேன். பத்து விநாடி வேலை.

"இளமதி? ஏண்டி பேச மாட்டேங்கற? ஹலோ?" என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இளமதி கத்தினாள். அம்மா வைத்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது, மெசேஜ் அனுப்பியும் பயனில்லை.

"என்னங்க ஆச்சு இதுக்கு?"

"மைக் போச்சு. பார்ட்ஸ் வெளியேர்ந்து வரணும் லா. நீ என்ன ரேடியோவுல நியூஸா வாசிக்கப் போற?"

சிரித்தாள். அது ஐந்து மாதத்துக்கு முன்பு.

மதியம் பன்னிரண்டரைக்கு நான் அழைப்பேன். மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். அதனால் எங்கே போனாலும் போனைக் கையோடு கொண்டுபோவாள். நான் பேசுவேன், அவள் கேட்பாள். அதுவரை என் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேல் வீட்டில் டிரில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு ஆம்புலன்ஸுக்காக 995ஐ அழைத்திருக்கிறாள். நீங்கள் போட்டுக்காட்டிய பதிவில், அங்கே போனை எடுத்த பெண் எங்கே இருக்கிறீர்கள் என்று நான்கு முறை கேட்கிறார். இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர்கள் உடனே திரும்ப அழைத்திருக்கிறார்கள். லைன் கிடைக்கவில்லை.

லைனில் நான் இருந்தேன்.

பூன் லேயிலிருந்து ஒருவர் மீன் குழம்பில் விழுந்த போனைக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கதையைச் சொன்னேன். நடுவில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ். 'வாங்' என்று மட்டும். ஈர விரலை அந்தத் திரை சரியாக ஏற்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும், "நான் பேசும்போது டைப் பண்ணாத" என்றேன். அதற்குப் பிறகு அவள் டைப் பண்ணவில்லை.

நினைவு தப்பியிருந்தாலும் இரண்டு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள்.

ஏழு மணிக்கு வந்து கதவை உடைத்தேன். முதலில் போனைத் துடைத்தேன். மூடியைக் கழற்றி இரண்டாவது சுவிட்சைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். உங்கள் ஆட்கள் பார்த்தபோது அது நல்ல போனாக இருந்தது அதனால்தான்.

எல்லாம் நான் செய்தது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளுக்கு என்னைப் பார்த்துப் பயம் என்று அவள் அம்மா உங்களிடம் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். அன்றைய அழைப்பு இருபத்து மூன்று நிமிடம். முடித்தது நான். கடைசி வரை அவள் வைக்கவில்லை. பிடிக்காத ஆளிடம் யாராவது அவ்வளவு நேரம் லைனில் இருப்பார்களா, சார்?